சபை ஆராதனையில் பெண்கள் சத்தமாக ஜெபிக்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது ஒரு சகோதரி சத்தமாக ஜெபிக்கத் தொடங்கியதும், மூப்பர் ஒருவர் 1 கொரிந்தியர் 14:34-ஐ வாசித்து அவரை நிறுத்திவிட்டார். பெண்கள் சபையில் வாய் திறக்கவே கூடாது என்றுதான் வேதம் போதிக்கிறதா?

பதில்: சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்க வேண்டும் என்று அந்த வசனம் சொல்வது உண்மைதான். ஆனால் அதே நிருபத்தின் 11:5-இல், ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். பெண்கள் ஜெபிப்பதே தவறென்றால், எப்படி ஜெபிக்க வேண்டும் என்று அவர் ஒழுங்கு கற்பித்திருக்க மாட்டார். தீர்க்கதரிசனம் சபைக்குப் பக்திவிருத்தி உண்டாக்குவது என்று 14:4 கூறுவதால், இது வீட்டு ஜெபத்தைப் பற்றியது என்று ஒதுக்கவும் முடியாது.

14ஆம் அதிகாரத்தை 26ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசியுங்கள். அர்த்தம் சொல்ல ஆளில்லாதபோது அந்நியபாஷையில் பேசுகிறவன் சபையில் பேசாமலிருக்க வேண்டும். ஒருவன் பேசுகையில் மற்றொருவனுக்கு வெளிப்பாடு கிடைத்தால் முந்தினவன் நிறுத்த வேண்டும். இவ்விருவரும் என்றென்றைக்கும் மௌனமாயிருக்க வேண்டுமென்று எவரும் பிரசங்கிப்பதில்லை. பெண்களைப் பற்றிச் சொல்லும்போதும், கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் தங்கள் கணவரிடம் விசாரிக்கட்டும் என்று 35ஆம் வசனம் தொடர்கிறது. ஆகவே கூட்டத்தின் நடுவே கேள்வி எழுப்பி ஒழுங்கைக் குலைப்பதையே பவுல் தடுக்கிறார் என்று நான் கருதுகிறேன். தீர்க்கதரிசனங்களை நிதானித்துத் தீர்ப்புச் சொல்வதையே தடுக்கிறார் என்போரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், ஜெபம் அந்தத் தடைக்குள் வராது.

உண்மையில் கடினமான பகுதி 1 தீமோத்தேயு 2:12. உபதேசிக்கவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவில்லை என்னும் பவுல், அதற்கு ஆதாமும் ஏவாளும் உருவாக்கப்பட்ட வரிசையையே காரணமாகக் காட்டுவதால், எபேசு சபையின் அன்றைய சிக்கலுக்கு மட்டும் உரிய கட்டளை என்று அதைச் சுலபமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் அதிகாரம் கண்காணியை ஒரே மனைவியை உடைய புருஷனாகவே விவரிப்பதையும் சேர்த்துப் பார்க்கையில், சபையை ஆளும் உபதேசப் பொறுப்பை அது ஆண்களிடம் வைக்கிறது என்பதே என் புரிதல். ஆயினும் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளையும், தன் கணவர் ஆக்கில்லாவோடு சேர்ந்து அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கிய பிரிஸ்கில்லாளையும் எடுத்துக்காட்டி, தேவபக்தியுள்ள பலர் இதற்கு மாறான முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களை வேதத்தை மதியாதவர்கள் என்று சொல்வது நியாயமல்ல. மேலும், பெண்ணைக் குறித்து அப்பகுதி முதலில் சொல்வதே அவள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் (2:11). அதைப் பல சபைகள் கவனிப்பதேயில்லை.

பிலிப்புவின் நான்கு குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் (அப்போஸ்தலர் 21:9). உங்கள் மூப்பரைத் தனியே சந்தித்து, கொரிந்தியரின் 11, 14 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். நிறுத்தப்பட்ட அந்தச் சகோதரியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.