சட்டக் கேள்வி - பதில்: ‘போலீசில் கட்டை, கூண்டில் அரிவாள்’

கேள்வி: அடிதடி வழக்கு. போலீஸ் வாக்குமூலத்தில் ‘எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கட்டையால் அடித்தார்’ என்ற அ.சா.2 (அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி), கூண்டில் அரிவாள் என்கிறார். ‘போலீசில் வேறு மாதிரி சொன்னீர்கள்’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன், மறுத்தார். இறுதி வாதத்தில் வாக்குமூலத்தைக் காட்டினால் நீதிபதி பார்க்கவே மறுக்கிறார். ஏன்?
- இளம் வழக்கறிஞர், திண்டுக்கல்

பதில்: நீதிபதி செய்தது சரி. போலீஸ் எழுதும் வாக்குமூலம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 161, இப்போது அதன் இடத்தில் வந்துள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 180) தானாகச் சாட்சியம் ஆகாது. சாட்சியை முரண்படுத்த மட்டும், அதுவும் நிரூபித்த பிறகுதான் பயன்படும். ‘வேறு மாதிரி’ என்ற பொத்தாம்பொதுவான கேள்வி போதாது. ‘எதிரி கட்டையால் அடித்தார்’ என்ற வரியை அப்படியே சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும். பாரதிய சாட்சியச் சட்டம் 148, அதாவது பழைய 145, கேட்பது இதைத்தான். ஒப்புக்கொண்டால் அதோடு முடிந்தது. மறுத்தால், படித்த வரியும் மறுப்பும் நீதிமன்றம் எழுதும் கூண்டுச் சாட்சியப் பதிவில் ஏற வேண்டும்; அந்தப் பகுதியை மட்டும் அடையாளமிட்டு, புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது ‘அ.சா.2 இப்படிச் சொன்னாரா?’ என்று கேளுங்கள். அவர் ‘ஆம்’ என்ற பிறகே முரண்பாடு நிரூபணமாகும். நிரூபிக்காத வாக்குமூலத்தை நீதிமன்றம் தானாக எடுத்துப் பயன்படுத்த முடியாது என்று வி.கே.மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது.

முழு வாக்குமூலத்தையும் வழக்கு ஆவணமாகக் குறியீடு செய்யச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பாதகமான வரிகளும் சேர்ந்து கோப்பில் ஏறிவிடும்.

இப்போதைக்கு வழி, பி.என்.எஸ்.எஸ். 348இல் மறு அழைப்பு மனு, அதாவது சாட்சியை மீண்டும் கூண்டுக்கு அழைக்கக் கேட்கும் மனு. அதிகாரியை மட்டும் கேட்டுப் பயனில்லை, முதலில் அ.சா.2. வக்கீல் மறந்ததற்காக மட்டும் மனு எளிதில் கிடைக்காது, தீர்ப்புக்கு இந்த முரண்பாடு ஏன் முக்கியம் என்று எழுதுங்கள். புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 1.7.2024க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை என்றால் பழைய பிரிவு எண்களையே போடுங்கள்.

கேள்வி: வாக்குமூலத்தில் இல்லாத சங்கதியைப் புதிதாகச் சொன்னால்? படித்துக்காட்ட வரியே இல்லையே!

பதில்: ‘இதைப் போலீசிடம் சொன்னீர்களா?’ என்று சாட்சியைக் கேளுங்கள். ‘சொன்னேன்’ என்பார். பிறகு அதிகாரியிடம் அதே சங்கதியைக் கேளுங்கள். ‘என்னிடம் சொல்லவில்லை’ என்ற பதில் பதிவானால் போதும். ஆனால் எல்லா விடுபாடும் முரண்பாடு ஆகாது. வழக்கின் சூழலில் அது முக்கியமானதா என்றுதான் பி.என்.எஸ்.எஸ். 181இன் (பழைய 162) விளக்கம் பார்க்கச் சொல்கிறது. ஆயுதம், அடித்தவர் பெயர் போன்றவை எடுபடும். சட்டை நிறத்தையும் சேர்த்துப் பதினைந்து விடுபாடு அடுக்கினால், நல்ல இரண்டும் அதில் புதைந்துபோகும்.

கேள்வி: எதிரி தரப்புச் சாட்சியை அரசு வக்கீல் இதேபோல முரண்படுத்தலாமா?

பதில்: முடியாது. அரசுத் தரப்பு அழைத்த சாட்சிக்கு மட்டுமே 181 இடம் தருகிறது. அப்படிக் கேட்டால் உடனே எழுந்து ஆட்சேபியுங்கள்.