வீட்டு மெயின் வால்வு: பிளம்பர் அண்ணனிடம் கேளுங்கள்

தெம்பனிஸ் மாலதி: வாசலுக்கு வெளியே மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை வருடக்கணக்காக யாரும் தொடவில்லை. இப்போது அசையவே மாட்டேன் என்கிறது. பெரிய ஸ்பானர் போட்டுத் திருகலாமா அண்ணே?

வேண்டாம்மா. வட்டக் கைப்பிடி என்றால் பழைய பித்தளை கேட் வால்வாகத்தான் இருக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே ஓர் ஆப்பு வடிவத் தகடு இறங்கித் தண்ணீரை அடைக்கும். நெடுநாள் சும்மா கிடந்தால் தண்டில் களிம்பு ஏறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பானரால் நெம்பினால் தண்டு முறியும். தகடு பாதி வழியில் நின்றுவிட்டால் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. வெறும் கையால், கொஞ்சம் மூடும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று மாற்றி மாற்றி அசைத்துப் பாருங்கள். மசியவில்லையா, பியுபி (சிங்கப்பூரின் தேசிய நீர் அமைப்பு) உரிமம் உள்ள பிளம்பரைக் கூப்பிடுங்கள். அதற்குமுன் ஸ்டோரேஜ் ஹீட்டர் (தொட்டி வைத்த வெந்நீர் ஹீட்டர்) சுவிட்சை அணையுங்கள்; தண்ணீர் இறங்கிய தொட்டியில் கம்பி கருகிவிடும்.

யீஷூன் குமார்: மூடிய பிறகும் குழாயில் சொட்டுகிறது.

குழாய்களில் மிச்சமிருப்பது வடியட்டும். அரை மணி கழித்தும் ஓயாவிட்டால் வால்வு சரியாக அடைக்கவில்லை.

பிடோக் செல்வி: கைப்பிடித் தண்டைச் சுற்றித்தான் கசிகிறது.

தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

உட்லண்ட்ஸ் ராஜா: நானே பால் வால்வு வாங்கி மாட்டிவிடலாமா?

பால் வால்வு, அதாவது உள்ளே துளையுள்ள உருண்டை சுழலும் வால்வு, நல்லதுதான். கால் திருப்பில் மூடிவிடும். ஆனால் வெடுக்கென்று மூடாதீர்கள், குழாய் அதிரும். அதைவிட முக்கியம், பழையதைக் கழற்ற முதலில் அதற்கு முன்னால் எங்கோ தண்ணீரை நிறுத்த வேண்டும். அடுக்குமாடியில் மேல்மாடிகளுக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து, கீழ்மாடிகளுக்கு நேரே தெருக்குழாயிலிருந்து தண்ணீர் வரும். எங்கே மூடினாலும் பக்கத்து வீடுகளுக்கும் தண்ணீர் நின்றுவிடலாம். குழாய்த்தலை மாற்றுவது போன்ற சில்லறை வேலை நீங்கள் செய்யலாம். இது உரிமம் உள்ளவர் வேலை. மீட்டர் பியுபி சொத்து, அதில் கை வைக்காதீர்கள்.

ஜூரோங் ரவி: பழைய வால்வைத் தொடாமல் விடுவதே புத்தி. தொட்டால்தான் கசியும்.

இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். தொட்டதும் கசிகிறது என்றால் ஏற்கெனவே போனது அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறங்கள்.

பீஷான் தேவி: ரவி சொல்வதே சரி. என் மாமா வீட்டில் திருகியதும் ஒழுகியது.

பகலில் ஒழுகினால் பிளம்பர் வருவார். நடு இரவில் கழிவறை ஹோஸ் வெடிக்கும்போது வால்வு மூடவில்லை என்றால், கீழ்வீட்டுக் கூரைக்கும் சேர்த்துச் செலவு செய்வீர்கள்.

ஜூரோங் ரவி: நகர மன்றத்தின் 24 மணி நேர அவசரச் சேவையைக் கூப்பிட்டால் போதாதா?

கூப்பிடுங்கள், வருவார்கள். வரும்வரை தண்ணீர் உட்கார்ந்து காத்திருக்காது ரவி!

பீஷான் தேவி: சரி, இந்த வாரம் மாமாவிடம் வால்வை மாற்றச் சொல்கிறேன்.

ஹீட்டர் சுவிட்சை அணைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

சிராங்கூன் மணி: வால்வு இறுகிவிட்டது. ஸ்பானர்...

மாலதிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பொங்கோல் நிஷா: எண்ணெய் ஸ்பிரே அடித்தால்?

குடிக்கிற தண்ணீர்க் குழாய் அது. கண்டதை அடிக்காதீர்கள். ஸ்பானர் கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை.