காலையில் சாப்பிடாமல் பள்ளிக்குப் போனால் பெண்பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்காதா?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் வெறும் வயிற்றோடு போகிறாள். 11 மணி கணக்கு வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை என்கிறாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவள் மதியம் 12:40க்குத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள் என்றால், நடுவில் ஏறக்குறைய பதினாறு மணி நேரம். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான்; ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது. இரவெல்லாம் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸ் கொடுத்துக்கொண்டிருக்கும். விடியும்போது அந்தச் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அதற்காக மயங்கி விழுந்துவிடமாட்டாள். கவனம்தான் அடிவாங்கும். நீளமான கணக்கின் கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரியில் படித்த எண் நழுவிவிடும், மறுபடி மேலே போய்ப் பார்ப்பாள். அதை வைத்து ‘இவளுக்குக் கணக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி பாதிப்பதில்லை. 1989-ல் வெளியான ஜமைக்கா ஆய்வு ஒன்றில், காலை உணவு இல்லாதபோது சறுக்கியவர்கள் ஊட்டம் குறைந்த பிள்ளைகள்தான். வயதுக்கு வந்த பெண்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மாதாமாதம் ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையே தனியாகக் கவனத்தைக் கெடுக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும். அடுத்த வாரம் மாத்திரை குப்பைக்குப் போகும். ஆக முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டீயும் பிஸ்கட்டும் காலைச் சாப்பாடு ஆகாது. அந்தச் சர்க்கரை சீக்கிரம் ஏறி இறங்கிவிடும், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மூன்று இட்லி என்றால் வெறும் தேங்காய்ச் சட்னியோடு விடாமல் பருப்பு கெட்டியாக உள்ள சாம்பார் ஊற்றுங்கள், அல்லது ஒரு வேகவைத்த முட்டை வையுங்கள். அதில் 6 கிராம் புரதம் இருக்கிறது. நெல்லிக்காய், கொய்யா ஏதாவது கூட இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

‘நேரமில்லை’ என்பதைப் பொய் என்று நினைக்காதீர்கள். இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டவே கால் மணி நேரம் ஆகும். நீங்கள் பின்னும்போது அவள் கையில் ஒரு டம்ளர் மோர் விட்ட கேழ்வரகுக் கூழ் இருக்கட்டும். காலையில் வயிறு புரட்டுகிறது என்றால் இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடித்து, காலையில் அரை வாழைப்பழம் மட்டும் கொடுங்கள். மீதியை இடைவேளைக்கு டப்பாவில் வையுங்கள்: ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, இரண்டு இட்லி.

தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மாதவிடாய் தொடங்கும் வயதில்தான் அது இன்னும் தேவை, அதை நீட்டியே ஆக வேண்டும். இன்னொன்றையும் அவளிடம் மெதுவாகக் கேளுங்கள்: பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து சாப்பாட்டையும் தண்ணீரையும் தவிர்க்கிறாளா? அப்படியென்றால் பேச வேண்டியது தலைமையாசிரியரிடம்.