பகடையும் பட்டியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக அன்றாட முடிவுகளைப் பகடையிடம் விட்டுவிட்டேன். அடுத்து எந்தப் புத்தகம், எந்த வழியாக நடப்பது என்று ஆறு வாய்ப்புகளை எழுதிவைத்து உருட்டுவேன். மனம் லேசாகிவிட்டது. சென்ற வாரம், நோயுற்ற நண்பரைப் பார்க்கப் போவதா என்பதற்கும் உருட்டினேன். 'வேண்டாம்' என்று விழுந்தது, போகவில்லை. மனைவி இதைக் கோழைத்தனம் என்கிறார். இப்போது வேலையை விடுவதா என்ற கேள்வி வந்து நிற்கிறது. அதையும் உருட்டலாமா?

ம.

அன்புள்ள ம.,

புத்தகத்துக்கும் நடைவழிக்கும் தாராளமாக உருட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், எது மேல் என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் வீண்செலவு.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்கள் அவர் அமைத்த இணையதளத்தில் நாணயம் சுண்டினார்கள், 20,000 முறைக்கு மேல். வேலையை விடுவதா, உறவை முறிப்பதா என்பவையும் அந்தக் கேள்விகளில் உண்டு. பெரிய முடிவுகளில் நாணயத்தின் சொல் கேட்டு மாறியவர்கள், ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். 2021-இல் இது ஆய்விதழில் வெளியானது. நாணயத்துக்கு ஞானம் உண்டு என்று இதற்குப் பொருளில்லை. அங்கே வந்தவர்கள் தாமாக வந்தவர்கள். பாதி மனத்தால் ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்கள். அப்படி ஊசலாடுகிறவர்கள் இருக்கும் இடத்திலேயே தேவைக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வரவு செலவெல்லாம் பார்த்து, யோசித்து யோசித்தும் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் நீங்களும் உருட்டலாம். யோசிப்பதைத் தவிர்ப்பதற்காக உருட்டாதீர்கள்.

'காசு காற்றில் சுழலும்போதே உன் மனம் தெரிந்துவிடும்' என்று ஓர் அறிவுரை உலவுகிறது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அந்தக் கணத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது ஆசையாலா பயத்தாலா என்று யார் சொல்வது? விழுந்ததைப் பார்த்துவிட்டு 'மூன்றில் இரண்டு' என்று மறுபடி சுண்டுகிறவருக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

(காசு சுண்டுவதும் முழு நடுநிலை இல்லை. சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மறுபடி மேலே விழச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு. 3,50,757 முறை சுண்டிப் பார்த்ததில் 50.8 சதவீதம். கணிதவியலாளர் வான் நாய்மன் இப்படிப்பட்ட சாய்வைச் சரிக்கட்ட 1951-இலேயே வழி சொல்லிவிட்டார்: ஒரே மாதிரி பிடித்து இருமுறை சுண்டுங்கள், தலை-பூ என்றால் ஒன்று, பூ-தலை என்றால் மற்றது, இரண்டும் ஒன்றாக விழுந்தால் முதலிலிருந்து.)

நண்பர் விஷயத்தில் நான் உங்கள் மனைவியின் பக்கம், கோழைத்தனம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாம். பட்டியலை எழுதியது நீங்கள். 'போகவேண்டாம்' என்பதற்கு அதில் இடம் கொடுத்தபோதே முடிவின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. சம உரிமை உள்ள பலருக்கு ஒன்றைப் பங்கிடும்போது குலுக்கல் நேர்மையான வழி. எல்லோரும் ஒப்புக்கொண்டு நடப்பது. உங்கள் நண்பரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. 'ஏன் வரவில்லை?' என்று அவர் கேட்டால், 'நான்கு விழுந்தது' என்றா சொல்வீர்கள்?

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த நாள் என்பதற்கு வேண்டுமானால் உருட்டிக்கொள்ளுங்கள். ஆறு முகங்களிலும் இந்த வாரத்து நாள்களே இருக்கட்டும்.