மகளின் முகமும் கடைத்தெருவில் கண்ட முகமும்

கேள்வி: ரயிலிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்கி வந்தாலும் என் மகளை உடனே கண்டுகொள்கிறேன். ஆனால், ஒரு திருமணத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்த பெண்மணியை மறுவாரம் கடைத்தெருவில் பார்த்தபோது யாரென்று தெரியாமல் விழித்தேன். அவர் மனம் வருந்தியிருப்பார். மேசை மேலேயே இருக்கும் சாவியும் என் கண்ணில் படுவதில்லை. இது ஏதேனும் குறைபாடா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: குறைபாடு இல்லை. முகங்களை அடையாளம் காண முடியாத முகக்குருடு என்றொரு நிலை உண்மையிலேயே உண்டு. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர் 1947-இல் அதற்குப் பெயர் சூட்டி விவரித்தார். அது கடுமையாக இருப்பவர்கள் பெற்ற பிள்ளையைக்கூடக் குரலையும் நடையையும் கொண்டுதான் தெரிந்துகொள்வார்கள். உங்கள் அனுபவம் அதற்கு நேர்மாறானது.

முதலில் சாவியைப் பார்த்துவிடுவோம். விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழி மட்டுமே நுட்பமாகப் பார்க்க வல்லது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் இடம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் எல்லை என்பதால், கண் நொடிக்கு மூன்று முறையாவது இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. பச்சைக் காய்களுக்கு நடுவே ஒரே ஒரு தக்காளி இருந்தால், காய்கள் எத்தனை இருந்தாலும் அது தானாகவே கண்ணில் படும். ஆனால், தேடும் பொருளின் நிறம் சுற்றியுள்ள சில பொருள்களிலும் அதன் வடிவம் வேறு சிலவற்றிலும் இருந்தால், பொருள்கள் கூடக்கூடத் தேடும் நேரமும் கூடுகிறது என்று உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் கேரி ஜெலேடும் 1980-இல் காட்டினார்கள். நாணயங்களோடும் கரண்டியோடும் கிடக்கும் சாவி இந்த வகையைச் சேர்ந்தது. அதில் பளிச்சென்ற ஒரு நாடாவைக் கட்டிவிடுங்கள், போதும்.

முகத்தின் கதை வேறு. கண், மூக்கு, வாய் என்று பிரித்துப் பார்க்காமல், அவற்றின் இடைவெளிகளோடு சேர்த்து முழு உருவமாகவே மூளை அதை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் படத்தைத் தலைகீழாகக் காட்டும்போது, வீடுகளையும் விமானங்களையும்விட முகங்களை அடையாளம் காண்பதில் நாம் அதிகம் தடுமாறுகிறோம்; உளவியலாளர் ராபர்ட் யின் 1969-இல் இதைச் சோதித்துக் காட்டினார்.

உங்கள் கேள்வியின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. 2011-இல் உளவியலாளர் ராப் ஜென்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் 40 புகைப்படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாத பிரிட்டன் மக்கள் ஏழெட்டுப் பேரின் படங்கள் என்று எண்ணிப் பிரித்தார்கள். நன்கு அறிந்த நெதர்லாந்துக்காரர்களோ சிரமமின்றி இரண்டாகப் பிரித்தார்கள். மகளை நீங்கள் தூக்கத்திலும் அழுகையிலும், எண்ணெய் தேய்த்த தலையோடும் பட்டுச் சேலையிலும் ஆயிரம் விதமாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பெண்மணியைப் பார்த்தது ஒரே ஓர் அலங்காரத்தில், ஒரே வெளிச்சத்தில்.

இதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு அலுவலர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. எதிரே நிற்பவரின் படமல்லாத வேறொருவரின் படத்தை அவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு முறை சரியென்று ஏற்றார்கள், பணியனுபவம் கூடியதால் பிழை குறையவும் இல்லை. எனக்கு இதைவிடக் கவலை தருவது நீதிமன்றம்தான். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று பின்னாளில் விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில், முன்பின் பார்த்திராத ஒருவரை இவர்தான் என்று சாட்சி தவறாகக் கைகாட்டியிருந்தார்.