காதுக்குள் பாராமல் தந்த துளிமருந்து

கேள்வி: கீரிமலையில் குளித்துவிட்டு வந்த நாலாம் நாளிலிருந்து 17 வயது மகனுக்கு வலக்காது கடித்தது, பிறகு ஒரே குத்து. பாமசியில் துளிமருந்தும் அன்ரிபயோட்டிக் குளிசையும் தந்தார்கள். இரண்டு கிழமையாகியும் மாறவில்லை, காசுதான் கரைகிறது. சீனி வருத்தமுள்ள என் அப்பாவும் காது குத்துகிறதென்று அதே போத்தலில் இருந்து விடுகிறார். குறைந்த செலவில் என்ன செய்யலாம்? (சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, நீங்கள் மகனுக்காகக் கேட்கிறீர்கள், எனக்கு உங்கள் அப்பாவை நினைத்துத்தான் பயம். வயதும் சீனியும் சேர்ந்த உடம்பில் காதுக்குழாயில் வரும் தொற்று தோலோடு நிற்காமல் மண்டையோட்டு எலும்புக்குள் இறங்கக்கூடும். இரவில் நித்திரை கொள்ளவிடாத குத்து, வாயை அசைத்தால் நோவு, சீழ் என்று இருந்தால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம், இன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால் வருத்தம் நரம்புவரை போய்விட்டது. சாதாரண காதுக்குத்தென்று மாதக்கணக்கில் துளி விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீனி உள்ளவருக்கு வீட்டு வைத்தியமும் வேண்டாம், பாமசி வைத்தியமும் வேண்டாம்.

இனி மகன். காதுமடலை மெல்ல இழுக்கும்போது துள்ளுகிறானா? அப்படியென்றால் பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில்தான் பிரச்சினை. இரண்டரை சென்ரிமீற்றர் நீளக் குழாய் அது. சீழும் செதிளும் அடைத்திருந்தால் நீங்கள் விடும் துளி உள்ளே இறங்காது, வழிந்து தலையணைக்குத்தான் போகும். முதலில் துப்புரவு, பிறகுதான் மருந்து. காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் உள்ளே பார்த்து, அழுக்கை உறிஞ்சி எடுத்து, செவிப்பறையையும் பார்ப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டு மதியம்வரை வரிசையில் நிற்கவேண்டியிருப்பதுதான் கொடுமை. அந்த வரிசைக்குப் பயந்துதான் சனம் பாமசிக்கு ஓடுகிறது.

அங்கே நடப்பதென்ன? காதுக்குள் ஒருவரும் பார்ப்பதில்லை. இலாபம் கூடின போத்தல் கைக்கு வருகிறது, கூடவே குளிசை. வெளிக்காதோடு நிற்கும் தொற்றுக்கு அன்ரிபயோட்டிக் குளிசை பெரும்பாலும் தேவையில்லை. நோவுக்குப் பரசிற்றமோல் போதும். இரண்டு கிழமை அன்ரிபயோட்டிக் துளி விட்ட காதில் பூஞ்சணம் பிடிப்பதும் உண்டு. உள்ளே நனைந்த பேப்பரைத் திரட்டி வைத்ததுபோல் வெள்ளையாக இருக்கும், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். அதற்குக் குளோற்றிமசோல் துளி வேண்டும். பக்ரீரியாவுக்கு விடும் சிப்புரோபுளொக்சசினுக்குப் பூஞ்சணம் அசையாது. எது வேண்டுமென்று டொக்டர் பார்த்துச் சொன்னபின், கொம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியில் வாங்க நேர்ந்தால் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போத்தலைக் கைக்குள் கொஞ்சநேரம் பொத்திச் சூடாக்கி, பிள்ளையைச் சரிந்து படுக்கவைத்து விட்டு, ஐந்து நிமிடம் எழும்பவிடாதீர்கள். மூன்று நாளில் நோவு குறையாவிட்டால் திரும்பக் காட்ட வேண்டும். கொட்டன் பட்ஸை வீட்டிலேயே வைக்காதீர்கள். காய்ச்சிய நல்லெண்ணெயும் விடவேண்டாம். குளிக்கும்போது பஞ்சில் வஸ்லின் தடவிக் காது வாசலில் வையுங்கள், தலைக்கு வார்க்கிறதென்றால் குனிந்து பின்தலையில் தண்ணீரை ஊற்றுங்கள். டொக்டர் காது ஆறிவிட்டதென்று சொல்லும்வரை கேணியில் முழுக வேண்டாம்.