பெட்டிக்குள் இருக்கும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. அம்பைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். வயது 32, தனியார் பள்ளியில் டீச்சர். இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்து முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மார்பு வற்றிப்போய்விட்டது. ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்துத்தான் வேலைக்குப் போகிறேன். சிலிக்கான் வைத்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று ஒரு வருடமாகப் பணம் சேர்த்திருக்கிறேன். வெளியூர் கிளினிக் ஒன்று என் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, "மொத்தம் 1,40,000 ரூபாய், இந்த மாதத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் 15,000 குறையும்" என்கிறது. வீட்டுக்காரருக்குச் சம்மதம். மாமியாருக்குத் தெரியாது. எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பதில்: தங்கச்சி, இதைச் செய்யலாமா வேண்டாமா என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. அதனால் அந்தப் பேச்சுக்கே நான் போகவில்லை. உங்கள் உடம்பு, நீங்கள் சேர்த்த பணம். அட்வான்ஸை மட்டும் இந்த மாதம் கட்டாதீர்கள். போட்டோவைப் பார்த்துத் தொகை சொன்னவர் உங்களை உட்கார வைத்து அளக்கவில்லை, தோல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கவில்லை. பால் கொடுத்து முடித்த பெண்களுக்கு இது முக்கியமான விஷயம். சதை குறைந்திருந்தால் இம்ப்ளாண்ட் (உள்ளே வைக்கும் சிலிக்கான் பை) போதும். மார்பே கீழே இறங்கி, காம்பு மார்பின் அடி மடிப்புக்கும் கீழே போயிருந்தால், இம்ப்ளாண்ட் மட்டும் வைப்பது தொங்கலை இன்னும் கனமாக்கிவிடும். அப்போது தூக்கித் தைக்கும் ஆபரேஷனும் சேர்ந்து வரும். தழும்பும் கூடும், செலவும் கூடும். அதனால் 1,40,000 என்பது எந்த ஆபரேஷனுக்கான தொகை என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வழியில்லை. அனுப்பிய போட்டோவை அழிக்கச் சொல்லி, அழித்துவிட்டோம் என்று பதிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கத்தி பிடிக்கப்போவது யார் என்று பார்க்க வேண்டும். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று போர்டு இருந்தால் அவர் பிளாஸ்டிக் சர்ஜன் என்று ஆகிவிடாது. பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. (இப்போதைய பெயர் டிஆர்.என்.பி.) பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவிலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது இரண்டு டாக்டர்களிடம் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில், முழு மயக்கம் கொடுக்கப்போகும் மயக்க மருந்து டாக்டர் யார், ராத்திரி ரத்தக் கசிவு வந்தால் யார் வருவார்கள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்திலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

தொகை விஷயத்தில் உங்களுக்கு நான் பெரிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்லை டவுன் ரத வீதியில் ஒரு செயின் எடுக்கப் போனால் தங்கத்துக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்காத பெண் நம் பக்கம் உண்டா? இங்கேயும் அதே மாதிரி பிரித்துக் கேளுங்கள். சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், இம்ப்ளாண்ட் ஜோடி, ரூம், டெஸ்ட், பிறகு போட வேண்டிய இறுக்க பிரா, தையலுக்கும் கட்டுக்கும் வரும் செலவு எல்லாம் தனித்தனியாக எழுத்தில் வேண்டும். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. வரி சேர்த்த தொகையா, சேர்க்காத தொகையா என்றும் கேட்டு வையுங்கள். ஒரு பக்கம் மறுபடி திறக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

சென்ற வருடம் ஒரு பெண் மஞ்சப்பையோடு பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். ஆபரேஷன் ஆகி நாலாவது வருடம். இடது பக்கம் கெட்டியாகி, மேலே ஏறி, தொட்டால் வலி. இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு சவ்வை வளர்க்கும். அந்தச் சவ்வு சிலருக்குச் சுருங்கி இறுகிவிடும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வரும் தொல்லைகளில் இது ஒன்று. புது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, வழவழப்பானதா, சொரசொரப்பானதா?" பையிலிருந்த தாள்களை என் மேஜையில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிலிக்கான் இம்ப்ளாண்ட், 2 எண்ணம்" என்று இருந்தது. பில்லிலும் அதே. கம்பெனி பெயர் இல்லை, அளவு இல்லை, எண் இல்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டால் பழைய கேஸ் ஷீட் இல்லை என்றுவிட்டார்கள். 2002ஆம் வருட மருத்துவ ஒழுங்குமுறை விதிப்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை டாக்டர் 3 வருடம் வைத்திருந்தால் போதும். அதற்குள் நாம் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். அந்தப் பெண் கேட்டது நாலாவது வருடம். தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அவர் இரண்டாவது ஆபரேஷனுக்குப் படுத்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டிக்குள்ளும் ஒட்டும் சீட்டுகள் இருக்கும். கம்பெனி, மாடல், சிசி அளவு, லாட் எண், ஒவ்வொன்றுக்கும் உரிய சீரியல் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒரு சீட்டு கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. வலது ஒன்று, இடது ஒன்று என்று இரண்டு பக்கத்துக்கும் வேண்டும். நகையில் 6 எழுத்து ஹால்மார்க் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறோமே, இது அதைவிடப் பெரிய விஷயம். ஆபரேஷனுக்கு முன்பே, "சீல் உடைக்காத பெட்டியைக் காட்டுங்கள், சீட்டை என் சம்மரியில் ஒட்டிக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பெட்டியில் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் இருக்க வேண்டும். பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத்துக்கு ஆகாத மலிவான சிலிக்கானை அடைத்து விற்றது 2010இல் வெளியே வந்தது. 2019 ஜூலையில் அலர்கான் கம்பெனி தன் "பயோசெல்" வகை சொரசொரப்பு இம்ப்ளாண்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இம்ப்ளாண்டைச் சுற்றி வரும் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு அதனோடு தொடர்பு இருந்ததுதான் காரணம். தன் உள்ளே இருப்பது அதுதானா என்று ஒரு பெண் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், கையில் அந்தச் சீட்டு இருக்க வேண்டும்.

ஒருதடவை வைத்தால் ஆயுசுக்கும் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்வது: 8 முதல் 10 வருடத்துக்குள் ஐந்தில் ஒருவர் வரை எடுக்க வேண்டி வருகிறது. ஜெல் இம்ப்ளாண்ட் உள்ளே கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால் 5-6 வருடத்தில் ஒருமுறை, அப்புறம் 2-3 வருடத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கவும் சொல்கிறார்கள். ஆகவே சேர்த்த பணம் முழுவதையும் ஆபரேஷனில் போட்டுவிடாமல், தபால் ஆபீஸில் ஒரு ஆர்.டி. போடுங்கள். பின்னால் வரும் ஸ்கேனுக்கும், ஒருவேளை மாற்றுவதற்கும் அது உதவும்.

அளவு முடிவு செய்ய ஒரு வீட்டு வழி உண்டு. டாக்டர் 250 சிசி என்று சொன்னால், அளவு டம்ளரில் 250 மில்லி வரை அரிசி அளந்து, பழைய மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, கம்பி இல்லாத பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க வீட்டு வேலை பாருங்கள். கூட்டுங்கள், துணி துவையுங்கள், மாடிப்படி ஏறுங்கள். தோளும் முதுகும் சொல்லிவிடும். உள்ளே வைத்த பிறகு கொஞ்சம் சின்னதாகத் தெரியும். உங்கள் மார்புக்கூட்டின் அகலத்துக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் அளந்து சொல்ல வேண்டும். "இன்னாருக்கு வைத்தது மாதிரி" என்று கேட்காதீர்கள்.

தயாராவதில் பாதி வீட்டு ஏற்பாடுதான். டாக்டரிடம் நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியம் உட்பட. ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், மீன் எண்ணெய் மாத்திரை இவை ரத்தக் கசிவைக் கூட்டலாம். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். புகையிலை காயம் ஆறுவதைக் கெடுக்கும். நம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் அதிகம். இலை வெட்டி, தூள் அடைத்துச் சுற்றும் கைவழியாகவும் நிக்கோட்டின் உடம்பில் சேரும். உங்கள் வீட்டிலும் அந்த வேலை நடந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா என்பதைச் சொல்லி, ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் எப்போது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தாலும் இம்ப்ளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும், படம் எடுக்கும் முறையே வேறு.

கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது என்பதால் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கைந்து தைத்து வையுங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்குக் குடம், கிரைண்டர் கல், சின்னவனைத் தூக்குவது எதுவும் கிடையாது. டூவீலரும் டாக்டர் சொன்ன பிறகுதான். உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் காயம் ஆறும்வரை ஆற்றுக் குளியலும் குற்றாலமும் கூடாது. மதுரையிலோ சென்னையிலோ செய்தால், மறுநாளே பஸ் ஏறி வருகிற திட்டம் வேண்டாம். முதல் பரிசோதனை முடியும்வரை பக்கத்திலேயே தங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். பள்ளிக்கூடக் கோடை லீவில் செய்வது ஓய்வுக்கு வசதி. கத்திரி வெயிலில் இறுக்க பிராவும் வியர்வையும் எப்படி இருக்கும் என்பதை யோசித்து வையுங்கள். மாமியாரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் முதல் வாரம் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட விஷயம் தெரிந்த ஒரு ஆள் கட்டாயம் கூட இருக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போது செய்யாதீர்கள். மறுபடியும் மார்பின் உருவம் மாறும், காம்பைச் சுற்றிக் கீறினால் பால் குறையவும் வாய்ப்புண்டு.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. வீட்டுக்காரர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. நோயாளி வயது வந்தவர், சுயநினைவுக்குத் திரும்பப் போகிறவர் என்றால் அவர் சம்மதமே செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படிவத்தை ஆபரேஷன் அன்று காலையில் நீட்டினால் வாங்காதீர்கள், ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். பணம் கட்டிப் பெறும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இலேயே தீர்ப்பாகிவிட்டது. குறை வந்தால் 2 வருடத்துக்குள் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். தடவினால் 30 நாளில் மார்பு பெரிதாகும் என்று 999 ரூபாய்க்கு ஒரு கிரீம் விளம்பரம் வருகிறது. ஊசியிலும் செய்யலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தடவி மார்பு வளரும் கிரீம் கிடையாது. மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. விளம்பரமே செய்யக் கூடாத விஷயங்களின் பட்டியலில் பெண்ணின் மார்பின் உருவமும் அமைப்பும் பெயர் சொல்லியே இருக்கிறது. விளம்பரத்தைப் படம் பிடித்து, பாட்டிலின் பின்பக்கத்தோடு சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்புங்கள். ஊசி இதைவிட மோசம். திரவ சிலிக்கானை மார்பில் ஏற்றினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, திரும்ப எடுக்கவும் முடியாது.

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். மறுபடி அமைக்கும் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கேட்டால், "அழகு சிகிச்சை, தர முடியாது" என்கிறார்கள். (மகன், தென்காசி)

பதில்: தம்பி, பாலிசி புத்தகத்தில் விலக்குகள் பக்கத்தைத் திறந்து "எக்ஸ்சிஎல் 08" (Excl08) என்ற பத்தியைப் படியுங்கள். அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே பத்தி, விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு மறுபடி அமைக்கும் சிகிச்சைக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றும் சொல்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். சர்ஜனிடம் "புற்றுநோய்க்குப் பின் மறுசீரமைப்பு" என்று தெளிவாக எழுதிய கடிதம் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு இரண்டையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளில் சரியாகாவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) எழுதலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவர் வயதில் சிலர் ஆபரேஷன் வேண்டாம், பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் மார்பே போதும் என்பார்கள். சிலருக்கு ஆசை இருக்கும், மகனிடம் சொல்லக் கூச்சம். அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அவர் உள்ளே தனியாகப் பேசிவிட்டு வரட்டும்.